எடைக்கு எடை மாம்பழம்

போன வாரம் நம்ம தெரு குரூப்புல ஒரு பழைய போட்டோ வந்துச்சே, எல்லாரும் பாத்திருப்பீங்க. பிரான்ஸ்ல இருக்கிறவன் ஏதோ பெட்டியைக் கிளறி எடுத்துப் போட்டான். நம்ம தெருப் பிள்ளைங்க பதினஞ்சு பேரு வரிசையா நிக்கிறோம். முதல் வரிசையில கடைசியில கவுன் போட்டுக்கிட்டு, கன்னம் ரெண்டும் உப்பி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கிட்டு ஒருத்தி நிக்கிறா. அதுக்குக் கீழ ஒருத்தர், "யாருப்பா இந்தப் பூசணி?"ன்னு கேட்டு சிரிக்கிற பொம்மை நாலு போட்டிருந்தீங்க. இன்னொருத்தி, "மாம்பழம் திருடித் தின்னு செத்துப்போச்சே ஒரு பொண்ணு, அதானே?"ன்னு எழுதினா. அதுக்கு ஒரு கும்பிடு. அடுத்தாப்புல காலை வணக்கம், ரோஜாப்பூ. அவ்வளவுதான், முடிஞ்சிச்சு.

அது என் தங்கச்சி. நான் அந்த குரூப்புல இருக்கேங்கிறதே உங்களுக்கு மறந்துபோச்சு போல. கோவம் வந்துச்சு, ஆனா யாரைக் கோவிச்சுக்கிறது? அந்தக் கதையை ஊருக்குள்ள சொன்னதே எங்க அம்மாதான். நாப்பத்தஞ்சு வருஷமா வந்தவங்க போனவங்ககிட்டல்லாம், "என் சின்னப் பொண்ணு வேண்டுதல் பழத்துல வாய வச்சா, சாமி எடுத்துக்கிடுச்சு"ன்னு அது சொல்லிக்கிட்டே இருந்துச்சு. போன பங்குனியில அம்மாவும் போயிடுச்சு. இனிமே நான் சொல்றதால யாரு மனசும் உடையப் போறதில்ல, என் மனசைத் தவிர. அவ திருடல. அதைச் சொல்லத்தான் உக்காந்து இவ்வளவும் எழுதுறேன்.

என்னைவிட நாலு வயசு இளையவ அவ. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு தம்பி பிறந்து ஒண்ணரை வயசுல வயித்தால போயே இறந்துட்டான். நோஞ்சான் பிள்ளை. அப்பாவோட அக்கா, வரிச்சிக்குடி அத்தை, காரியத்துக்கு வந்த இடத்துலயே, "பிள்ளைக்கு ஊட்டம் பத்தல, அதான் போயிட்டான்"ன்னு எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டாங்க. அம்மா அதை மனசுல வச்சிக்கிட்டு தங்கச்சி பிறந்த நாள்லேர்ந்து ஊட்ட ஆரம்பிச்சிச்சு, பத்து வருஷம் நிறுத்தவே இல்ல.

காலையில எழுந்ததும் டின் பாலைக் கரைச்சு பெரிய டம்ளர் நிறைய. மத்தியானம் சோத்தைப் பிசைஞ்சு உருட்டி, நடுவுல கட்டை விரலால குழி பண்ணி, அதுல நெய்ய ஊத்தி மூடி அவ வாயில வைக்கும். "போதும்மா"ன்னு அவ முகத்தைத் திருப்புவா. "இது அப்பாவுக்கு ஒரு வாய், இது அத்தைக்கு ஒரு வாய்." அதுவும் முடிஞ்சா, "இது அண்ணனுக்கு ஒரு வாய்டி, அவன் பசியோட போயிட்டான்"னு சொல்லும். அதுக்கு அவளால மாட்டேன்னு சொல்ல முடியாது. முகம்கூட பாக்காத அண்ணன் பங்கையும் சேத்து அவதான் தின்னா. எனக்கு அந்த நெய் உருண்டை கிடைக்காது. நான் நல்லாத்தானே இருக்கேன், எனக்கு எதுக்கு?

தெருவே அவளைத் தூக்கி வச்சுக் கொஞ்சிச்சு. கொழுக்கு மொழுக்குன்னு இருக்கா, மகாராணி மாதிரி இருக்கா, எந்தக் கடையில அரிசி வாங்குறீங்கன்னு அம்மாவைக் கேப்பாங்க. அம்மா முகத்துல அப்ப ஒரு பெருமை வரும் பாருங்க, அதை நான் வேற எதுக்கும் பாத்ததில்ல. அவ அஞ்சாவது படிக்கிறப்ப ஒரு நாள் அதே வரிச்சிக்குடி அத்தை வந்தாங்க. அவளை மேலயும் கீழயும் பாத்தாங்க. "என்னம்மா இது, வயசுக்கு வந்தா தாவணி பத்தாது, ரெண்டு சேலையை இணைச்சுத்தான் சுத்தணும் போலருக்கே. யாரு கட்டிக்குவா இவள?"ன்னாங்க. ஊட்டம் பத்தலன்னு சொன்ன அதே வாய். தங்கச்சி அங்கேயேதான் நின்னுக்கிட்டிருந்தா, கையில அவங்க வாங்கிட்டு வந்த பூந்திப் பொட்டலத்தோட.

அப்பாவுக்கு மின்துறையில எழுத்தர் வேலை. வீட்டுக்கு வந்தா பேப்பர், ரேடியோ. அம்மா அழுதுக்கிட்டே சொன்னதுக்கு, "பொம்பளைப் பிள்ளை விஷயம், நீயே பாத்துக்க"ன்னுட்டாங்க. மறுநாளே அம்மா எங்க ரெண்டு பேரையும் இழுத்துக்கிட்டு கடைத்தெருவுல இருந்த ஒரு தனியார் டாக்டர்கிட்ட போச்சு.

அந்த டாக்டர் அவளைத் தொட்டுக்கூடப் பாக்கல. மேசைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தாரு. "இதுக்கு மருந்து எதுக்கும்மா? இது வியாதி இல்ல, தீனி. வாயைக் கட்டுங்க"ன்னாரு. வரிசையில உக்காந்திருந்தவங்க சிரிச்சாங்க. தங்கச்சியும் சேந்து சிரிச்சா, வேற என்ன செய்றதுன்னு தெரியாம. வெளியில கம்பவுண்டர் வேற அம்மாவைத் தனியாக் கூப்பிட்டு, "இது ஊளைச்சதைங்க, நீர் உடம்பு. தண்ணியக் குறைங்க, தானா வத்தும்"னு சொல்லி ஒரு பொடியைக் கட்டிக் குடுத்தாரு. டாக்டர் சொன்னதைவிட அம்மாவுக்கு அதுதான் நல்லா மனசுல பதிஞ்சிச்சு.

அன்னியிலேர்ந்து வீடு மாறிப்போச்சு. டின் பால் நின்னுச்சு, நெய் நின்னுச்சு. காலையில கொள்ளுக் கஞ்சி, ராத்திரிக்கும் கொள்ளுக் கஞ்சி. அந்தக் கொள்ளு வேகுற வாசனை இருக்கே, இப்பவும் எங்கேயாவது வந்தா எனக்குக் குமட்டும். அவ அழல, அடம் பிடிக்கல. "நான் எளைச்சுட்டா அத்தை மறுபடி வந்து பாப்பாங்களாம்மா?"ன்னு மட்டும் கேட்டா.

வாரா வாரம் எடை பாக்கணும். டூரிங் கொட்டகை மாதிரி இருந்த நம்ம பழைய தியேட்டர் வாசல்ல ஒரு எடை மிஷின் நின்னுச்சே, ஞாபகம் இருக்கா? ஏறி நின்னா சிவப்பும் பச்சையுமா லைட்டு சுத்தும், உள்ள ஒரு சக்கரம் கடகடன்னு ஓடும், காசைப் போட்டா டப்புன்னு ஒரு அட்டை வந்து விழும். ஒரு பக்கம் எடை, இன்னொரு பக்கம் ஜோசியம். முதல் அட்டை ஐம்பத்துநாலு கிலோ. "உன் பொறுமைக்குப் பலன் உண்டு"ன்னு அச்சடிச்சிருந்துச்சு. அதை அவ கணக்குப் பெட்டிக்குள்ள வச்சிக்கிட்டா.

அம்மா சும்மா இருக்குமா? நேரா கோயிலுக்குப் போயி வேண்டிக்கிச்சு. நம்ம குரூப்புல வெளியூர் மருமகளுங்க, மாப்பிள்ளைங்க இருக்கீங்க, உங்களுக்காகச் சொல்றேன். ஆனியில மாங்கனித் திருவிழா அன்னிக்கு சாமி சப்பரத்துல வீதி வரும். வேண்டுதல் உள்ளவங்க மாடியிலேர்ந்தும் வாசல்லேர்ந்தும் மாம்பழத்தைக் கூடை கூடையா வாரி இறைப்பாங்க. கீழ நிக்கிற கூட்டம் எட்டிப் பிடிக்கும். கல்யாணம் ஆகணும், பிள்ளை பிறக்கணும், வேலை கிடைக்கணும்னு ஆளுக்கொரு வேண்டுதல். எங்க வீடு சப்பரம் வர்ற தெருவுல, மாடி வீடு. அம்மா என்ன வேண்டிக்கிச்சுன்னா, "எம் பொண்ணு எத்தனை கிலோ குறையிறாளோ அத்தனை கிலோ மாம்பழம் அவ கையாலயே இறைக்க வைக்கிறேன்." எடைக்கு எடை. இப்படி ஒரு வேண்டுதலை இந்த ஊர்ல அதுக்கு முன்னாடி யாரும் வேண்டியிருக்க மாட்டாங்க.

எனக்கு ஒரு வேலை குடுத்துச்சு. "நீ அவ மேல ஒரு கண்ணு வச்சிக்க. எதைத் தின்னாலும் எங்கிட்ட சொல்லு." எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடிச்சிருந்துச்சு, பொய் சொல்லி என்ன ஆவப்போவுது. பத்து வருஷமா அம்மா அவளைத்தான் பாத்துச்சு. இப்ப தினம் சாயங்காலம் என்னைப் பக்கத்துல உக்கார வச்சு, "சொல்லு, என்ன செஞ்சா?"ன்னு கேக்கும். ஒண்ணும் இல்லாத நாள்ல நானே ஒண்ணை உண்டாக்கிச் சொல்லியிருக்கேன்.

முதல் மாசம் ரெண்டு கிலோதான் குறைஞ்சிச்சு. வைகாசியில திடீர்னு இறங்க ஆரம்பிச்சிச்சு. நாப்பத்தொன்பது. அடுத்த வாரம் நாப்பத்தேழு. அப்புறம் நாப்பத்தஞ்சு. மிஷின் பொய் சொல்லுதோன்னு அம்மா தானும் ஒரு தடவை ஏறிப் பாத்துச்சு. வீட்டுல ஒரே சந்தோஷம். அத்தைக்கு ஆள் விட்டுச்சு. அத்தை வந்து, "இப்பதாண்டி பொண்ணு மாதிரி இருக்கா"ன்னு கன்னத்தை வழிச்சு நெட்டி முறிச்சாங்க.

அந்த எடை ஏன் இறங்குச்சுன்னு இன்னிக்கு உங்கள்ல யாரைக் கேட்டாலும் சொல்லிடுவீங்க. குரூப்புல பாதி நாள் சாப்பாட்டுக்கு முன்ன எவ்வளவு, பின்ன எவ்வளவுன்னுதானே பேசிக்கிறோம். அவளுக்குத் தாகம். அப்படி ஒரு தாகத்தை நான் அதுக்கப்புறம் மனுஷங்ககிட்ட பாத்ததில்ல. நீர் உடம்புன்னு கம்பவுண்டர் சொன்னதால ஒரு வேளைக்கு ஒரு டம்ளர்தான். குடத்து மேல தாம்பாளத்தைக் கவுத்து அதுக்கு மேல வெங்கலச் செம்பை வச்சிருக்கும் அம்மா, தொட்டா சத்தம் கேக்கும்னு. அவ கொல்லையில துணி அலசுற தொட்டியில குனிஞ்சு குடிப்பா. நான் பாத்துட்டு வந்து சொல்லுவேன். முதுகுல ரெண்டு விழும். மறுநாள் மறுபடியும் தொட்டி.

பாயை நனைக்க ஆரம்பிச்சா. பத்து வயசுப் பொண்ணு, பாயைக் கொடியில காயப்போட்டா தெருவுக்கே தெரியும். நான் வேற, "ஏய், இன்னிக்கு அரசலாறு எத்தனை அடி?"ன்னு கேட்டு அவ மானத்தை வாங்குவேன். அம்மா அதை டாக்டர்கிட்ட கேட்டுச்சு. டாக்டர் சிரிச்சாரு. "கொழுப்பு கரையுதும்மா, கரைஞ்சது வெளியில போவ வேணாமா?"ன்னாரு. வெளியில உக்காந்திருந்த ஒரு அம்மாவைக் கூப்பிட்டு தங்கச்சியைக் காட்டி, "இதோ பாருங்க, மருந்தே இல்லாம. மனசு வச்சா நடக்கும்"னு சொன்னாரு. அவ வெக்கத்தோட சிரிச்சா. பல்லு ஈறெல்லாம் காஞ்சு உதடு ஒட்டிக்கிட்டு வந்துச்சு.

ஒரே ஒரு ஆளு கண்டுபிடிச்சாங்க. எதிர்த்த வீட்டு லாத்தா, முஸ்லிம் வீட்டு அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம். தங்கச்சி அங்க போயி தண்ணி கேட்டிருக்கா. சாயங்காலம் அவங்க முக்காட்டை இழுத்துவிட்டுக்கிட்டு எங்க வாசலுக்கு வந்தாங்க.

"கோவிச்சுக்காதீங்கம்மா. புள்ள ஒரே மூச்சுல ரெண்டு செம்பு குடிக்கிது. எங்க மாமிக்கு இப்புடித்தான் தாகம் எடுத்து, உடம்பு கரைஞ்சு, கடைசியில சீனி வியாதின்னாங்க. ஒருக்கா பாத்துருங்களேன்."

அம்மாவுக்கு முகம் மாறிடுச்சு. "பத்து வயசுப் புள்ளைக்கு சீனி வியாதியா? நல்லாருக்கே நீங்க சொல்றது. அதெல்லாம் கிழவன் கிழவிக்கு வர்றது. பத்து வருஷம் கழிச்சு இப்பதான் எளைச்சு நிமிர்றா, அதுக்குள்ள கண்ணு வைக்கிறீங்களே."

லாத்தா, "அல்லா காப்பாத்தட்டும்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அன்னிக்கு அம்மா மிளகாய் சுத்திப் போட்டுச்சு. அந்த வீட்டுப் படி ஏறக் கூடாதுன்னு அவளுக்குத் தடை. தண்ணி கிடைச்ச கடைசி இடமும் போச்சு.

ஆனா ஒண்ணு சொல்லணும். அந்த ஆனி மாசம் அவ சந்தோஷமா இருந்தா. அதுக்குக் காரணம் நீங்கதான். முன்னாடில்லாம் பாண்டி ஆட வந்தா, "நீ குதிச்சா தரை பேந்துடும், போயி உக்காரு"ன்னு துரத்துவீங்களே. தண்ணி லாரின்னு கூப்பிடுவீங்களே. எளைச்சதும் சேத்துக்கிட்டீங்க. வாழ்க்கையில முதல் தடவையா அவ ஆட்டத்துல இருந்தா. ரெண்டு கட்டம் தாண்டிட்டு மூச்சு வாங்க நிப்பா, கால் வலிக்குதுன்னு சொல்ல மாட்டா, சொன்னா மறுபடி உக்கார வச்சிடுவீங்களோன்னு பயம். பாவாடையை இடுப்புல ரெண்டு மடிப்பு மடிச்சுச் சொருகிக்கிட்டு, "பாத்தியாக்கா, எவ்வளவு தொளதொளன்னு இருக்கு?"ன்னு எங்கிட்ட காட்டினா.

திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கு. கடைசி அட்டை நாப்பத்தொண்ணு கிலோ. ஐம்பத்துநாலுல நாப்பத்தொண்ணு போனா பதிமூணு. பதிமூணு கிலோ ஒட்டு மாம்பழம் வந்து இறங்கிச்சு, செங்காயா. உள் அறையில வைக்கோலைப் பரப்பி, அதுல அடுக்கி, சாக்கைப் போட்டு மூடிச்சு அம்மா. ஐம்பத்திரண்டு பழம். எண்ணி வச்சிச்சு. "இது சாமிக்கு நேந்தது. யாராவது வாய வச்சீங்க, அவ்வளவுதான்"னு எங்க ரெண்டு பேரையும் பாத்துச் சொல்லிச்சு. சொன்னது ரெண்டு பேருக்கும், பாத்தது அவளை.

மூணாவது நாள் பழுக்க ஆரம்பிச்சிச்சு. வீடு பூரா வாசனை. பள்ளிக்கூடம் விட்டு நான் வந்தப்ப அம்மா கோயிலுக்குப் போயிருந்துச்சு. தங்கச்சி வாசல்ல சுருண்டு படுத்திருந்தா, அப்பல்லாம் எந்நேரமும் படுத்துதான் கிடப்பா. நான் உள் அறைக்குப் போனேன். சாக்கைத் தூக்கினேன். ஒரு பழத்தை எடுத்து, அங்கேயே குந்திக்கிட்டு, தோலோட தின்னேன்.

ஏன்னு கேக்காதீங்க. பசி இல்ல. அந்த வீட்டுல அவ தின்னாலும் விசேஷம், தின்னாட்டியும் விசேஷம். எனக்காக யாரும் எதையும் எடை போட்டதில்ல. அதுல ஒண்ணையாவது எடுத்துக்கணும்னு தோணுச்சு. கொட்டையைக் கொல்லைச் சாக்கடையில வீசிட்டு, கையைச் சாம்பல் போட்டுக் கழுவினேன்.

திருவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மா கூடையில எடுத்து அடுக்குறப்ப எண்ணிச்சு. ஐம்பத்தொண்ணு. மறுபடி எண்ணிச்சு. வைக்கோலைக் கலைச்சுத் தேடிச்சு. அப்புறம் எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு சுவர் ஓரமா நிக்க வச்சிச்சு.

"வாயை ஊதுங்கடி."

நான் தின்னு மூணு நாள் ஆச்சு. எங்கிட்ட என்ன வரும்? ஊதினேன். அம்மா நகந்து அவகிட்ட போச்சு. அவ ஊதினா. அம்மா அப்படியே நின்னுச்சு. எனக்கே வந்துச்சு அந்த வாசனை. நல்லாக் கனிஞ்சு, ஒரு நாள் தாண்டின பழத்தோட வாசனை, அவ வாயிலேர்ந்து.

அம்மா விட்ட அறையில அவ சுவர்ல மோதி உக்காந்துட்டா. "உனக்காகத்தானடி நான் செவ்வாய், வெள்ளி பட்டினி கிடந்தேன். சாமிப் பழத்தையா தின்ன?"

"நான் தின்னலம்மா."

"வாயி நாறுதுடி!"

"சத்தியமா தின்னலம்மா."

எனக்குப் புரியல. வாசனை எப்படி வந்துச்சு? ஒருவேளை அவளும் ஒண்ணு எடுத்திருப்பாளோன்னு நினைச்சேன். அப்படி நினைச்சா எனக்கு வசதியா இருந்துச்சு. ஆனா குறைஞ்சது ஒண்ணுதான். அது என் வயித்துல இருந்துச்சு. வாயைத் திறந்திருந்தா ரெண்டு அறை எனக்கு விழுந்திருக்கும், அப்புறம் அம்மா உக்காந்து யோசிச்சிருக்கும், அப்ப இவ வாயில ஏன் பழ வாசனை வருதுன்னு. லாத்தா சொன்னது ஞாபகம் வந்திருக்கும். டாக்டர்கிட்ட சொல்லியிருக்கும். இந்தக் கணக்கை நான் ஆயிரம் தடவை போட்டுட்டேன்.

திருவிழா அன்னிக்கு அவளுக்குப் புதுப் பாவாடை. கூடையைத் தூக்கிக்கிட்டு மாடிப்படி ஏற முடியல அவளால, நான்தான் தூக்கினேன். கைப்பிடிச் சுவர்ல சாஞ்சுக்கிட்டு ஆழமா மூச்சு விட்டுக்கிட்டிருந்தா, ஓடி வந்தவ மாதிரி. சப்பரம் திரும்புச்சு. மேளம் நெருங்கிச்சு. கீழ நீங்கல்லாம் நின்னீங்க, பொண்ணுங்க பாவாடையை விரிச்சுக்கிட்டு, பையனுங்க துண்டை விரிச்சுக்கிட்டு, "இங்க போடு, எனக்குப் போடு!"ன்னு அவ பேரைச் சொல்லிக் கத்தினீங்க. அவ ஒவ்வொரு பழமா எடுத்துப் போட்டா. சிரிச்சுக்கிட்டேதான் போட்டா. பதினஞ்சோ இருபதோ போட்டிருப்பா, அப்படியே உக்காந்து வாந்தி எடுத்தா. மிச்சத்தை அம்மா அழுதுக்கிட்டே வாரி இறைச்சிச்சு. நேந்த பழத்தை எச்சில் பண்ணினதுக்கு சாமி கை மேல காட்டிடுச்சுன்னு அது அப்பவே முடிவு பண்ணிடுச்சு.

கடைத்தெரு டாக்டர்கிட்டதான் தூக்கிக்கிட்டு ஓடினோம். "என்ன சாப்பிட்டா?"ன்னு கேட்டாரு. "மாம்பழம்"னு அம்மா சொல்லிச்சு. "எத்தனை?" "எண்ணிக்கையில ஒண்ணுதான் குறையுது, ஆனா எத்தனை தின்னாளோ." நான் பக்கத்துலதான் நின்னேன், அவ செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு. "வெறும் வயித்துல தின்னிருக்கா, சேரல. பட்டினி கிடந்த உடம்பு, தெம்பு வேணும்"னு சொல்லி குளுக்கோஸ் பாட்டிலை மாட்டச் சொன்னாரு. ஒரு பாட்டில் முழுசா இறங்கிச்சு. இப்ப நமக்குத் தெரியும் அது என்ன செஞ்சிருக்கும்னு.

மறுநாள் காலையில அவளால பேச முடியல. அப்பா அப்பதான் பயந்தாங்க. கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டுப் போனோம். அங்க ஒரு பொம்பளை டாக்டர், சின்ன வயசு, அவ முகத்துக்கிட்ட குனிஞ்சாங்க. பத்து வயசுல அவளை முதல் தடவையா ஒரு டாக்டர் குனிஞ்சு பாத்தாங்க. மோந்து பாத்துட்டு நர்ஸைக் கூப்பிட்டாங்க. சோதனைக் குழாயில நீல நிறத் தண்ணி, அதுல அவ சிறுநீர் சில சொட்டு, விளக்குல காட்டினாங்க. பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துல நின்னுச்சு. "எத்தனை நாளா தண்ணி தண்ணின்னு கேக்குறா?" அம்மா, "அது அவளுக்கு நீர் உடம்புங்க. மாம்பழம் தின்னுட்டாங்க, அதான்"னு ஆரம்பிச்சிச்சு. டாக்டர் ஊசியை ஏத்திக்கிட்டே, "இது பழ வாசனை இல்லம்மா, சர்க்கரை முத்தி ரத்தம் கெட்டுப்போனா வர்ற வாசனை"ன்னாங்க. அம்மா காதுல சர்க்கரைங்கிறது மட்டும்தான் விழுந்துச்சு. "பாத்தீங்களா, பழத்தைத் தின்னு சர்க்கரை ஏறிடுச்சாம்"னு அப்பாகிட்ட சொல்லி அழுதுச்சு. முழுசாக் கேட்டது நான் ஒருத்திதான்.

இங்க வச்சுப் பாக்க வசதி இல்ல, உடனே பாண்டிச்சேரி கொண்டு போங்கன்னு சொல்லி ஆஸ்பத்திரி வேன்ல ஏத்திவிட்டாங்க. முன் சீட்டுல டிரைவரும் அப்பாவும். பின்னாடி பெஞ்சுல அவளைப் படுக்க வச்சு, தலை அம்மா மடியில, கால் என் மடியில. நர்ஸம்மா பாட்டிலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. வாய் வழியா ஒண்ணும் குடுக்காதீங்க, புரையேறிடும்னு அவங்க சொல்லியிருந்தாங்க. தரங்கம்பாடி தாண்டினப்ப அவளுக்குக் கொஞ்சம் நினைவு வந்துச்சு. "தண்ணி"ன்னா.

அம்மா முந்தானையில ஒரு ரூபாயை மஞ்சத்துணியில முடிஞ்சு வச்சிருந்துச்சு. அதை அவ நெத்தியில வச்சு, "கண்ணு, அம்மா அடிக்க மாட்டேன். தின்னேன்னு ஒரு வார்த்தை சொல்லி சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுடு. விட்டுடும். நீ வாயால சொன்னாத்தான் விடும்"னு கெஞ்சிச்சு.

"தின்னலம்மா."

"சொல்லுடி தங்கம். பெத்தவகிட்ட என்ன மறைப்பு."

அவ தலையை ஆட்டினா. சீர்காழி வந்துச்சு. அம்மா விடல. சாமி பேரைச் சொல்லிச் சொல்லிக் கேட்டுச்சு. நான் அவ பாதத்தைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன், ஜில்லுன்னு இருந்துச்சு. இப்ப சொல்லிடலாம், இப்ப சொல்லிடலாம்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். நான் தின்னதாலதான் சாமி இவளைப் பிடிச்சிருக்குன்னு அம்மா என்னைச் சொல்லிட்டா? பதினாலு வயசு எனக்கு. தங்கச்சி உயிரைவிட அது பெருசாத் தெரிஞ்சிச்சு.

கொள்ளிடம் பாலத்து மேல வேன் போயிக்கிட்டிருந்தப்ப அவ கண்ணைத் திறந்து ஜன்னல் வழியா வெளியில பாத்தா. ஆனி மாசம், ஆத்துல ஒரு ஓரமா மட்டும் தண்ணி ஓடிச்சு. கொஞ்ச நேரம் அதையே பாத்தா. அப்புறம் அம்மாவைப் பாத்து, ரொம்ப மெதுவா, "ஆமாம்மா. நான்தான் தின்னேன். தண்ணி குடு"ன்னா.

அம்மா அப்படியே அவ முகத்துல முகத்தை வச்சு அழுதுச்சு. "சொல்லிட்டா, ஏங்க, சொல்லிட்டா!"ன்னு முன்னாடி பாத்துக் கத்திச்சு. நர்ஸம்மா வேணாம்னு சொன்னதையும் கேக்காம கூஜா மூடியில ரெண்டு மூடி தண்ணி ஊத்திக் குடுத்துச்சு. அவ அதை ஆசையாக் குடிச்சா. குடிச்சிட்டு கண்ணை மூடிக்கிட்டா.

அம்மா என்னை நிமிந்து பாத்துச்சு. மூணு மாசத்துல முதல் தடவையா அது முகம் தெளிஞ்சிருந்துச்சு. "இனிமே ஒண்ணும் ஆவாது. நம்ம புள்ள பொழைச்சிக்கும், இல்லடி?"ன்னு கேட்டுச்சு.

நான் ஆமான்னு தலையை ஆட்டினேன்.